ஏசி காரில் போன மாப்பிள்ளை

ஒண்டிக்கடையில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றுப் பிழைக்கிற மனிதர் ஏசி கார் வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; எங்கள் அத்தாவுக்கு அதெல்லாம் உறைக்காது. எஸ்டேட்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது தள்ளிவிட்டுப் போன பழைய அம்பாசடர் அது. ஏசியை யாரோ பிற்பாடு வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டியாகத் தொங்கும். ஏற்காட்டுக் குளிரில் அதற்கு என்ன வேலை? ஆனாலும் எங்கள் வீட்டுப் பெருமையே அதுதான். சுவிட்சுப் பக்கம் யார் கை போனாலும் அத்தா தட்டிவிடுவார். "தேஞ்சு போயிரும் கண்ணு. அக்கா கல்யாணத்துக்குன்னு வெச்சிருக்கேன்" என்பார். ஓடாமல் கிடக்கிற கம்ப்ரஸரில் எண்ணெய் சுற்றாமல் உள்ளேயே இறுகிவிடும், அவ்வப்போது ஓடவிட வேண்டும் என்பது மலைமேல் யாருக்குத் தெரியும்? பத்திரப்படுத்தியே அதைக் கெடுத்தோம்.

அக்காவை நிச்சயம் செய்யச் சேலத்திலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் பெரியத்தாதான் வாய்க்காரர். பிரியாணியில் உப்பு, பாதையில் வளைவு, எல்லாவற்றிலும் அவருக்குக் குறை. கிளம்பும்போது, "மலைல பொண்ணெடுத்தா மாப்பிள்ளை ஜீப்புல தொங்கிட்டுத்தான் வரோணுமாட்ட இருக்குது" என்று சிரித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் முகம் சுண்டிப்போனது. அதை அத்தா பார்த்துவிட்டார்.

"நிக்காஹ் முடிஞ்சு உங்க ஊட்டுக்கு என் மருமவன் ஏசி கார்லதான் வருவாருங்க. இது என் வாக்குங்க" என்றார்.

கல்யாணம் சேலத்தில், கத்திரி வெயிலில். காலையில் நாங்கள் மலையிறங்கி அடிவாரத்தைத் தொட்டதும் அனல் முகத்தில் அறைந்தது. அத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி சுவிட்சைத் தட்டினார். வீலென்று ஓர் அலறல், ரப்பர் கருகும் நாற்றம். பெல்ட் இழுக்கிறது, கம்ப்ரஸர் அசைய மாட்டேன் என்கிறது. ஏசியை அணைத்தால் வண்டி ஒழுங்காக ஓடியது. ஃபேனை மட்டும் போட்டால் காற்று வந்தது, அடுப்படிக் காற்று. அத்தா இறங்கி பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரைத் தட்டினார், கெஞ்சினார், கடைசியில் நாங்கள் கேட்டேயிராத வார்த்தைகளால் திட்டினார்.

"போச்சு. அந்தாளு முன்னால இனி எப்படி நிப்பேன்?"

"ஏனுங்க, காத்து வருதில்ல? அது போதும்" என்றாள் அம்மா. "நீங்க போயி நிக்காஹ்வப் பாருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மண்டபத்தில் சர்பத்துக்காகச் சாக்கும் உமியும் போட்டு ஐஸ் பாளம் வைத்திருந்தார்கள். அதில் பாதியை உடைக்கச் சொன்னாள் அம்மா. சமையல்காரர் பதறிப்போனார். "சர்பத்துக்கு என்னம்மா பண்றதுங்க?"

"சும்மா குடிக்கட்டும். தாகந்தானே அடங்கோணும்."

ஐஸ் ஓர் அலுமினியக் குண்டாவில் ஏறி, ஏசிப் பெட்டி காற்றை உள்ளே இழுக்கிற இடத்துக்கு நேர்கீழே போய் உட்கார்ந்தது. அதை மறைக்க வேண்டுமே! அத்தாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் முன்சீட்டில் என்னை உட்கார வைத்து, என் பட்டுப்பாவாடையைக் குண்டாவின் இருபுறமும் விரித்துவிட்டாள் அம்மா. "அசைஞ்சீன்னா தோல உரிச்சுருவேன், சாமி" என்று கொஞ்சலாகவே சொன்னாள். பின்சீட்டில் அக்கா, மாப்பிள்ளையின் அம்மா, பெரியத்தா. முன்னால் உட்கார்ந்தால்தான் மருமகனுக்கு ஏசி நன்றாக வரும் என்று சொல்லி அத்தா அந்த ஜோடியையே பிரித்துவிட்டார்.

கண்ணாடியெல்லாம் ஏற்றியாயிற்று. காற்று நிஜமாகவே குளிர்ந்துதான் வந்தது. என் முழங்கால்களுக்கு சொர்க்கம். ரோட்டுப் பள்ளங்களில் குண்டா தளும்பியது. எந்தப் பக்கம் என்று நான் கவனிக்கவில்லை. என் பாவாடை நனையவில்லை, அது போதும் எனக்கு. பாதி வழியில் பெரியத்தா பின்னாலிருந்து கையை நீட்டித் துழாவினார்.

"ஏனுங்க சம்பந்தி, ஏசி ஓடுதுங்களா? எனக்கொண்ணும் தெரியலியே."

அத்தாவின் காது சிவந்தது. காரில் ஏறியதிலிருந்து பேசாத மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார்.

"மாமா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க. நொம்பக் குளிருது." தோளை வேறு ஒடுக்கிக்கொண்டார்.

அத்தா ராஜா மாதிரி ஏதோ ஒரு திருகைத் திருகினார். மாப்பிள்ளைக்கே குளிர்கிறபோது பெரியத்தா தனக்கு மட்டும் வேர்க்கிறது என்று எப்படிச் சொல்வார்? கல்யாணச் சால்வையைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமாமா, சில்லுனுதான் இருக்குது" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும், "என்ன ஏசிங்கறீங்க, பல்லுக் கிட்டிப்போச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவரேதான் தம்பட்டம் அடித்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பின்னால் பஸ்ஸில் வந்திறங்கிய அம்மா அவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்தோம்! எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த வீட்டு மாடிப்படியில் மாப்பிள்ளையின் புது ஷூ இரண்டும் ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பிழிந்துபோட்ட சாக்ஸ். அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளை நினைத்தால் பாவமாக இருந்தது. கொஞ்சம் குளிருக்கே நடுங்குகிற ஆள், ஷூவைக் கழற்றாமலே தொழுகைக்குக் கால் கழுவி ஒளு செய்கிற ஆள். நல்லா விசாரிக்காமல் கட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று மலையேறும் வழியெல்லாம் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.