நெற்றி எலும்பில் ஒரு பொட்டு

எழுபதுகளில் மயிலாப்பூரில் அறை எடுத்து மருத்துவம் படித்தேன். அறையைப் பெருக்க வரும் அம்மாள் எதையும் முந்தானையால்தான் துடைப்பார். ஒருநாள் நான் பாடத்துக்காக வைத்திருந்த மண்டையோட்டையும் துடைத்தார்.

“இது ஆம்பளயா, பொம்பளயா நைனா?”

புருவ மேடு தட்டை, தாடை சிறியது. “பொம்பளதான், சின்ன வயசு” என்றேன், பெரிய டாக்டர்போல.

“மூக்கு குத்திகினு இருந்திச்சா? காணாமப் போன எம் பொண்ணு குத்தியிருந்தா.”

“மூக்கு நுனி குருத்தெலும்பு. மண்டையோட்டுல நிக்காது.”

“அப்போ இவ இல்லேன்னும் சொல்ல முடியாது, இன்னா?”

மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அதைத் திருப்பிப் பார்த்து, “ஆண்” என்றார். மாலையில் அறைக்குத் திரும்பி மேசையில் வைத்தேன். சொல்வதற்குள் அம்மாள் அதன் நெற்றியில் குங்குமம் இட்டுவிட்டார்.

படிப்பு முடியும்வரை தினமும் இட்டார். அவர் நம்பினாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. நான் ஏன் கடைசிவரை சொல்லவில்லை என்பதும்தான்.