பொதுவாகக் கேட்ட மன்னிப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நான் புறப்பட்டபோதும் அப்படித்தான் போனேன். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க" என்பேன். "அல்லாஹ் மன்னிப்பான், எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்று டீ கொடுப்பார்கள். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் தம்பி வீட்டை மட்டும் வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். அவனிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

"எதுக்கு மன்னிக்கணும்?" என்றான்.

"பொதுவாத்தான்டா."

"அப்ப நானும் பொதுவா மன்னிச்சுட்டேன். போயிட்டு வாங்க ஹாஜியாரே."

எதற்கு என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா மவுத்தானபோது நான் குவைத்தில் இருந்தேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த நேரம் தம்பி ஸ்ரீரங்கத்துக்குச் சவாரி போயிருந்தான். காவிரிப் பாலத்தில் நெரிசல். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் பேசியபோது யாரோ ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மய்யத்து வீட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்க, "உனக்குச் சவாரிதான் பெருசாப் போச்சா? அம்மாவை நீதான்டா சாகடிச்சே" என்று கத்தினேன். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவன் அவன். லீவுக்கு சென்ட் பாட்டிலோடு வந்து போனவன் நான்.

ஹஜ்ஜில் எல்லோரும் கூடிப் பாவமன்னிப்புக் கேட்கும் அரஃபா மைதானத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். மனுஷனுக்குச் செய்த தீங்கை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பள்ளிவாசலில் கேட்டிருக்கிறேன். ஐம்பத்தொன்பது வயதில், அங்கேதான் அது உறைத்தது.

ஊர் திரும்பியதும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரோடு தம்பி வீட்டுக்குப் போனேன். அன்று கத்திய வார்த்தைகளை அப்படியே சொன்னேன். "அம்மா பக்கத்துல இல்லாத குத்தம் என்னோடதுடா. அதை உன் தலையில போட்டுட்டேன்."

அவன் தண்ணீரை வாங்கி ஓரமாக வைத்தான்.

"இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் அண்ணே. இப்பக் கேட்டா ஒண்ணுமே தோணல. நான்தான் கொன்னேன்னு நானே நெனச்சுப் பழகிட்டேன்."

பழைய ஆளாக இருந்தால் 'இன்னும் என்னதான்டா வேணும்' என்று எழுந்து வந்திருப்பேன். அன்று உட்கார்ந்தே இருந்தேன். "அன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்று கேட்டேன். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை.

"பாலத்துல நிக்கும்போதே..." என்று தொடங்கினான். பாதியிலேயே எழுந்துவிட்டான். "முடியல அண்ணே. இன்னொரு நாள் வாங்க."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகிறேன். சில நாள் கொஞ்சம் சொல்கிறான். சில நாள் என்னைக் கண்டதும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை எனக்கு ஆயுளைக் கொடு ரப்பே என்றுதான் இப்போது துஆ கேட்கிறேன்.