புங்கமரத்தடி சட்டாம்பிள்ளை

சோரியாங்குப்பம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்கள் இருந்தவரை ஆதிலட்சுமிக்குக் கவலையில்லை. ஒருவரைப் புதுச்சேரிக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சௌந்தரராஜன் வாத்தியார் ஒருவரே நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்து மேய்த்தார். பெரிய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்தால் சின்னதுகள் கத்தும். சின்னதுகளிடம் போனால் பெரியவர்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வார்கள். சாயங்காலம் அவர் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வரும்.

அந்த வருஷம் ஆதிலட்சுமி பிரெஞ்சு சர்க்காரின் செர்த்திபிகா பரீட்சை எழுத வேண்டும். தேறினால் புதுச்சேரியில் வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கலாம். கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டே அப்பா சொல்லிவிட்டார்:

"தேறினா அனுப்பறேன். தவறிச்சின்னா தை மாசம் ஏம்பலத்து மாமன் மவனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன்."

நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்னதுகளை ஒப்படைப்பது எங்கும் உள்ள வழக்கம். வாத்தியாரும் அதைத்தான் செய்தார்.

"லட்சுமி, பொடிசுங்கள வெளிய புங்கமரத்தாண்ட இட்டுனு போம்மா. ஒரு வாரந்தான். மத்ததுங்க தம்பேரையே தப்பா எழுதுதுங்க."

அவர் நீட்டிய குச்சியை அவள் பெருமையாகத்தான் வாங்கினாள்.

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. மூக்கு ஒழுகுகிறவன், பலகையை உடைத்தவன், ஏரிப் பக்கம் ஓடுகிறவன் என்று பொழுது போயிற்று. உள்ளே வாத்தியார் பிரெஞ்சு வாசிப்பது ஜன்னல் வழியே துண்டு துண்டாக வரும். அதற்குள் அவளே தொடங்கிவைத்த "ஆனா, ஆவன்னா" கூச்சல் அதை மூடிவிடும்.

ஒருநாள் துணிந்து கேட்டாள். "ஐயா, என்ன உள்ள உக்கார வைங்க. நீங்க சொல்லச் சொல்ல பிரெஞ்சுல எழுதி எத்தினி நாளாச்சு!"

"உனுக்கு எதுக்கும்மா? நீதான் கெட்டிக்காரியாச்சே. உள்ள இருக்கறதுங்கதான் தத்தளிக்குதுங்க."

பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு கொம்யூன் வட்டாரத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு எழுத வேண்டிய பிரெஞ்சுப் பகுதியை முன்பின் தெரியாத ஒருவர் வாசித்துக்கொண்டே நடந்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கை நின்றது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காதைக் கடந்து போயின. பக்கத்தில் ராமு, அவள் பலகையைப் பார்த்தே எழுதிப் பழகியவன், தலை நிமிராமல் எழுதினான். அவன் தேறினான். அவள் தவறினாள்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "இன்னும் ஒரு வருஷம் வுடுங்க, நான் பொறுப்பு."

"நூறு பேர்ல எம்பொண்ணு ஒருத்திய நீங்க பாக்கலியே, வாத்தியாரே!"

"இவ ஒருத்தியத்தான் பாக்க வேணாம்னு நெனச்சிட்டேன்," என்றார் அவர்.

மறுவாரமே ஏம்பலத்திலிருந்து தாம்பூலத் தட்டு வந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். ஆதிலட்சுமி கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். தங்கை விசாலாட்சி வரப்பில் ஓடி வந்தாள். கையில் அதே குச்சி.

"அக்கா, ஐயா என்ன சட்டாம்பிள்ளையாக்கிட்டாரு!"

ஆதிலட்சுமி குச்சியைப் பிடுங்கினாள். சேற்றுக் காலோடு தங்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கூடத்திலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ உள்ளதான் உக்காருவா, ஐயா."

"அப்ப இத்தினி பேர நான் இன்னா பண்றது? நீயே சொல்லு." வாத்தியார் துண்டை வாயில் வைத்து இருமினார். எடுத்தபோது துண்டில் சிவப்பு தெரிந்தது. அவர் அதை மடித்து மறைத்தார்.

தங்கையை முதல் வரிசையில் தள்ளி உட்காரவைத்தாள்.

"தை வரிக்கும் பொடிசுங்கள நான் பாத்துக்கறேன்."

"தைக்கு அப்பறம்?"

அவள் திரும்பிப் பார்க்காமல் மரத்தடிக்குப் போனாள். சின்னதுகள் "அக்கா, அக்கா" என்று மொய்த்துக்கொண்டு வழக்கம்போல ஆனா ஆவன்னாவுக்கு வாயைத் திறந்தன.

"உஸ்! யாரும் கத்தக் கூடாது. எழுதுங்க, போதும்."

உள்ளே வாத்தியார் உடைந்த குரலில் பிரெஞ்சு வாசிக்கத் தொடங்கினார். இத்தனை வாய்களை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழத் தொடங்கிய ஒரு பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, அதன் வாயைத் தன் கையால் மெல்லப் பொத்திக்கொண்டாள்.