கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும்

ஊசியும் போடாம, மாத்திரையும் எழுதித் தராம, வலிக்குதுன்னு சொல்றவங்களை இன்னும் கொஞ்சம் வலிக்க வெச்சுட்டு வர்ற தொழில் என்னோடது. பிசியோதெரபி. கள்ளக்குறிச்சியைச் சுத்தி ஸ்கூட்டியில வீடு வீடாப் போறேன். வியாழக்கிழமையானா மலை ஏறி வெள்ளிமலையில முகாம். பக்கவாதம் வந்தவங்க, இடுப்பு ஒடிஞ்சவங்க, முட்டி தேஞ்சவங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. உங்க வீட்டுலயும் யாராவது படுத்திருந்து, அவங்களைத் தூக்கி உட்கார வெச்சே உங்க முதுகும் போயிருந்தா, நாம ஒரே கட்சி. மேல படிங்க.

ஊசி எங்க?

ஏழுமலை அரிசி மில்லுல மூட்டை தூக்கினவர். ஐம்பத்தாறு வயசு. ஒரு நாள் காலையில பல்லு விளக்கிட்டு இருக்கும்போது வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் நான் போனேன். அவர் சம்சாரம் பச்சையம்மா கரும்பு வெட்டப் போறவங்க. இவர் படுத்ததுலருந்து போகல. ஒரே பொண்ணு, கட்டிக் கொடுத்து ஓசூர்ல இருக்கு. பச்சையம்மா என்கிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல. "கக்கூஸுக்கு மட்டும் அவரா போய் வந்துட்டா போதும் டாக்டரம்மா, நான் வேலைக்குப் போயிடுவேன். நான் போவலன்னா அடுப்பு எரியாது"ன்னாங்க. வீட்டுக்குப் பக்கவாட்டுல இருக்கு கக்கூஸ். கட்டிலிலிருந்து நடந்து பார்த்தேன், என் காலுக்குப் பத்தொன்பது எட்டு.

அரை மணி நேரம் அவர் கையையும் காலையும் மடக்கி நீட்டினேன். எனக்கு வேர்த்துக் கொட்டுது, மனுஷன் கண்ணு என் பை மேலயே இருக்கு. கிளம்பலாம்னு பையை எடுத்ததும் உள்ள எட்டிப் பார்த்து, "ஊசி எங்க?"ன்னார். ஊசி கிடையாதுங்கன்னு சொன்னேன். என்னை விட்டுட்டு பொண்டாட்டி பக்கம் திரும்பிச் சொன்னார்: "இம்மாம் பெரிய பையா தூக்கினு வந்தாங்க, உள்ள ஒண்ணுமே இல்ல போலருக்கு."

நல்ல கை

ஒரு ரப்பர் பந்து கொடுத்து, காலையில இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை அமுக்கணும்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனா, "ஒரு வேளை கூட வுடலீங்க"ன்னு பச்சையம்மா பெருமையா சொன்னாங்க. எங்க, செய்ங்க பார்ப்போம்னேன். ஏழுமலை பந்தை எடுத்து கணக்கா இருபது தடவை அமுக்கிக் காட்டினார், இடது கையால. விளங்காத வலது கை மடியில துண்டைப் போத்திக்கிட்டு சுகமா படுத்திருக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பந்தைப் பிடுங்கி வலது கையில வெச்சு, இதுக்குத்தானே சொன்னேன்னு கேட்டேன். ஏழுமலைக்கு நான்தான் புரியாம பேசறேன்னு தோணியிருக்கணும். பொறுமையா எடுத்துச் சொன்னார்: "அதுக்கு ஒடம்பு சரியில்லம்மா. ஒடம்பு சரியில்லாதவன யாராவது மூட்ட தூக்கச் சொல்லுவாங்களா?"

அரை மணி நேரம்

இது வெள்ளிமலை முகாம்ல. தப்பு என்னோடது, ஒத்துக்கிறேன். அன்னிக்கு நாப்பது பேர் வரிசையில. முட்டி வலின்னு வந்த ஒரு அம்மாகிட்ட, நிமிர்ந்து கூடப் பார்க்காம, வழக்கமா டவுன்ல சொல்ற மாதிரியே தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு சொல்லிட்டு சீட்டுலயும் எழுதிட்டேன். அந்தம்மா சீட்டை வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, கொஞ்சங்கூடக் கிண்டல் இல்லாம கேட்டாங்க: "சாமை வெதச்ச காட்டுலருந்து ஒரு மலை எறங்கி ஒரு மலை ஏறி இங்க வந்தேன். இப்ப திரும்பிப் போறேனே, அத இந்த அரை மணி நேரத்துல சேத்துக்கலாமா?"

அவருக்குப் பதிலா

ரெண்டாவது மாசம் ஏழுமலைக்குக் காலுக்கு வேலை கொடுத்தேன். கட்டில்ல உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சு, இறக்கணும். வேளைக்கு முப்பது தடவை. செஞ்சா காலண்டர்ல டிக் போடச் சொன்னேன். போய்ப் பார்த்தா மாசம் முழுக்க டிக். ஆனா தொடையில துளி சதை ஏறல. ஏழுமலையைக் கேட்டா கூரையைப் பார்க்கிறார்.

பச்சையம்மா ஒளிக்கவே இல்ல. அவருக்கு வலிக்குதாம், அதனால காலையில முப்பது, சாயங்காலம் முப்பது அவங்களே உட்கார்ந்து செஞ்சிருக்காங்க. டிக்கும் போட்டிருக்காங்க. அவங்க கணக்குல இதுல பொய்யே கிடையாது. அவர் விழுந்த வாரமே மாரியம்மன் கோயில்ல அவருக்காக மண்சோறு சாப்பிட்டவங்க. கோயில்ல ஒருத்தருக்காக இன்னொருத்தர் செஞ்சா செல்லும்போது இது மட்டும் எப்படிச் செல்லாமப் போகும்? கால் மணி நேரம் தசை, நரம்பு, மூளைன்னு தொண்டை கிழியப் பாடம் எடுத்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு கடைசியா சொன்னாங்க: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு வருசமா இருந்த என் முட்டி வலி போன எடம் தெரியல டாக்டரம்மா."

பக்கத்து வூட்டுப் படி

அதுக்கப்புறம் நான் எதிர்ல நின்னு ஏழுமலையையே செய்ய வெச்சேன். மூணாவது மாசம் கோலை ஊன்றி, நான் கூட நின்னா நடந்தார். நான் இல்லாத நேரத்துல நடக்கல. "ஏ பச்ச"ன்னு ஒரு குரல் கொடுப்பார், அது முடியறதுக்குள்ள பச்சையம்மா அவர் அக்குளுக்குக் கீழ தோள் கொடுத்துட்டிருப்பாங்க. அந்தச் சமயத்துலதான் கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி வந்து, திங்கக்கிழமை வரலன்னா வேற பொம்பளையைச் சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேங்கன்னு பச்சையம்மா சொன்னப்போ எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அந்தக் காலுக்கு பலம் வந்தாச்சு, எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில பச்சையம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுப் படியில உட்கார வெச்சேன். அங்கிருந்து கக்கூஸ் போற வழி தெரியும். கொஞ்ச நேரத்துல "ஏ பச்ச"ன்னு குரல் வந்துச்சு. பச்சையம்மா எழுந்துட்டாங்க. நான் மணிக்கட்டை விடல. "வுடுங்க டாக்டரம்மா, வுழுந்துடுவாரு"ன்னாங்க. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்தப் பாவம் என் தலையிலதானே. ரெண்டாவது குரல் கெட்ட வார்த்தையோட வந்துச்சு. மூணாவது ரொம்ப மெதுவா, "பச்ச, வூட்லதான இருக்க?"ன்னு. பச்சையம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் விட்டுடலாம்னு நினைச்ச நேரம் கட்டில் கிறீச்சுன்னுச்சு.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, வலது காலை இழுத்து இழுத்து, ஏழுமலை வெளிய வந்தார். பாதி வழியில நின்னு மூச்சு வாங்கினார். அப்புறம் கக்கூஸுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். செம்புல தண்ணி மொள்ற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து நிமிர்ந்தவர் படியில எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டார். மூஞ்சி செவந்துடுச்சு. "கூப்ட்டா வர மாட்ட, இங்க குந்திகினு பாத்துகினு கீற. இனிமே உன்னக் கூப்டறதா இல்ல, போ"ன்னுட்டு, யார் தோளையும் பிடிக்காம வீட்டுக்குள்ள போயிட்டார். பச்சையம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேஸ்திரிக்குப் போன் போட மொபைலை எடுத்தாங்க. போடறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து சொன்னாங்க: "முப்பது வருசத்துல இந்த மனுசன் வாயிலருந்து இவ்ளோ நல்ல வார்த்தை வந்ததே இல்லீங்க."

பிசியோதெரபிங்கறது பாதி, நோயாளியோட கையைத் தூக்கறது. மீதி, அவங்க வீட்டுக்காரம்மா கையை விடாமப் பிடிச்சுக்கறது.