பாடும் இடியப்ப உரல்

எங்கள் மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் அதைத் திருத்தாமல் விடமாட்டார். அம்மாவின் தம்பியான அவர் அப்போது ஒஸ்லோவில் பொருள் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதே நகரின் ஓரத்தில், புருசெத் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொந்தக்காரர் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் இடியப்பம் சாப்பிட வருவார்கள். கிழமை முழுதும் துப்புரவு வேலை செய்த கையால் அம்மா உரலில் மாவை நிரப்பி அழுத்திப் பிழிவார். அந்த வருடம் அவருடைய மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. இடியப்பத்தை நிறுத்தச் சொன்னார் அப்பா. ஞாயிற்றுக்கிழமையும் இல்லையென்றால் இந்த ஊரில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டார்.

மாமா அந்த இடியப்ப உரலையே தன் பரீட்சை வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரு பொருளைப் பாவிப்பவர்களைக் கேட்டுத்தான் அதைச் செய்ய வேண்டுமாம். கேட்டார், இடியப்பம் தின்ன வந்தவர்களை! அப்பா மணிக்கூடு வேண்டுமென்றார். பெரியப்பா வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பொத்தான்கள் கேட்டார். பெரிய பிள்ளையாகிவிட்டாய் என்று சொல்லி அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவதை நிறுத்தியிருந்த காலம் அது. அந்தக் கோபத்தில் நான் பாட்டும் சிவப்பு லைற்றும் கேட்டேன். கடைசியாகத்தான் குசினிக்குள் போய் அம்மாவைக் கேட்டார்.

“எனக்கு என்னத்துக்கடா உதெல்லாம்? இருக்கிறதே காணும்.”

மாமா அதை நம்பிவிட்டார்.

மோட்டார் பூட்டிய உரல் வந்தது. பாடியது, மின்னியது, மணி காட்டியது. ஆனால் அதைத் தட்டுக்கு மேலே பிடித்துச் சுற்ற ஒரு பயில்வான் வேண்டும். அம்மா பாதித் தட்டிலேயே வலி தாங்காமல் கையை விட்டுவிட, மா மேசையெங்கும் ஓடியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காலையிலிருந்தே குசினி வாசலில் நின்று அம்மாவையே பார்த்தார்.

“என்னடா விடுப்புப் பார்க்கிறாய்? தேங்காயைத் துருவு.”

துருவிக்கொண்டே பார்த்தார். ஒவ்வொரு தட்டும் பிழிந்து முடிய, அம்மா குழாயைத் திறந்து, பனிக்காலத்துக் குளிர்நீரில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கழுவுகிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

“அக்கா, இது எப்ப தொடக்கம்?”

“கனநாளாய்த்தான்.”

இரண்டாவதாக வந்ததில் மின்சாரமே இல்லை. மேசையில் பூட்டிய ஒரு தாங்கி, அதில் அம்மாவின் பழைய உரல், மேலே நீளமான கைபிடி. முழங்கையை வைத்து உடம்பைச் சாய்த்தால் மா இறங்கும். கீழே தட்டைச் சுற்றுவது என் வேலை. அம்மா ஒரு தட்டுப் பிழிந்தார், பிறகு இன்னொன்று. குழாய்ப் பக்கம் போகவில்லை.

“பரவாயில்லையடா” என்றார்.

அம்மாவின் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். தேங்காய் துருவினால் கண் எரியாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

எனக்கோ பாட்டுப் போன கவலை. சில கிழமைகள் கழித்து, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு, முன்னால் இருத்தி, வீக்கம் வற்றிய கையால் நோகும்படி இறுக்கி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார். தட்டைச் சுற்றியதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுவதும் பின்னலை ஆட்டி ஆட்டித் திரிந்தேன்.