கெட்டுப்போகாத பொருளுக்கு ஒரு தேதி

அலுவலகத்தில் அவளை ஏனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தலைகாட்டிப் போகும். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற பழக்கம் அவளுக்குப் பேச்சு வந்த நாள் முதலே உண்டு. அதற்காகப் பள்ளியில் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினைக்கூட நான் இவ்வளவு பிரித்துப் போட்டதில்லை, இவள் என்னைப் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த நிமிஷமே, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் டெலிபோன் மேசையில் உட்காரவைத்தது யார் யோசனையோ தெரியவில்லை. அது தேசிய உணவு வங்கியின் தலைமை அலுவலகம். தொழிற்சாலைகளும் கடைகளும் கொடுக்கிற உணவுப் பொருள்களை வாங்கி, பெட்டி பெட்டியாகக் கட்டி, நாடெங்கும் இருக்கிற கிளைகள் வழியாக இல்லாதவர்களுக்குச் சேர்ப்பிக்கிற தொண்டு நிறுவனம். வருகிற அழைப்பை எடுத்து, எந்தப் பிரிவுக்கான விஷயம் என்று கேட்டு, அந்தப் பிரிவுக்கு இணைத்துவிடுவது அவள் வேலை. அதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாமல் சரியான பொத்தானை எப்படி அழுத்துவது? இது நல்ல சாக்காகக் கிடைத்தது. தேநீர் இடைவேளையில் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிவிடுவாள்.

முதல் மாடியில் உணவு திரட்டும் பிரிவு. முதலாளிகளிடம் தேனொழுகப் பேசி லாரி லாரியாகப் பொருள் வாங்குகிறவர்கள். அவர்கள் தொண்டையை நினைத்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். எதிர் அறையில் தரப் பிரிவு. அதன் தலைமை அதிகாரிக்குத் தேதியம்மா என்று பெயர். காலாவதித் தேதி இல்லாத ஒரு பொட்டலத்தை அவர் கண்ணெதிரே கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் கிடையாது. பின்கட்டில் கிடங்கும் வண்டிப் பிரிவும். இரண்டாம் மாடியில் கிளைப் பிரிவு. அங்கே எந்நேரமும் யாராவது யாரையாவது சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் நன்கொடைப் பிரிவு. அங்கே மட்டும் தரையில் கம்பளம் போட்டிருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, பணம் கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற இடம் என்றார்கள். அப்படியென்றால் கம்பளத்தைப் பார்த்து, நம் பணம் இதற்குத்தான் போகிறதோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வராதா என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அங்கே அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அவளுக்குப் பிடித்த இடம் மொட்டைமாடிக்குக் கீழே இருந்த சின்ன அறை. காரணப் பிரிவு. இரண்டே பேர், ஒரு பூந்தொட்டி. மக்கள் ஏன் உணவு வங்கிக்கு வரும்படி ஆகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் காரணங்களைச் சரிசெய்யச் சொல்லி அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது அவர்கள் வேலை. எல்லாம் சரியாகிவிட்டால் உணவு வங்கியையே இழுத்து மூடிவிடலாம். அதனால் அந்தப் பிரிவின் தலைவருக்கு மூடுவிழா என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்தக் கடைக்குப் பூட்டு வாங்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிற கூத்தை நினைத்து அவள் பல நாள் வியந்திருக்கிறாள். தன்னுடைய ஒற்றைக் கேள்விக்கு ஒரு அறையே ஒதுக்கியிருக்கிறார்களே என்ற பெருமையும் உண்டு. மூடுவிழா மட்டும் ஒருமுறை சொன்னார், நாங்கள் யாரிடமும் முதலில் கேட்பதில்லை, பெட்டியைக் கையில் கொடுத்து உட்காரவைப்போம், அவர்களே ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வோம் என்று. இவ்வளவு மெதுவாக வேலை பார்த்தால் எப்போது கடையை மூடுவது என்று அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அந்த அழைப்பு வந்தது. ஒரு ஆணின் குரல், ரொம்பத் தயக்கமான குரல். கிளையில் கொடுத்த பெட்டி கிடைத்தது, அதற்கு நன்றி, ஆனால் டின்களைத் திறக்க முடியவில்லை என்றார். வழக்கமாக மூடியில் இழுத்துத் திறக்கிற வளையம் இருக்கும். இந்த முறை வந்த பீன்ஸ் டின், மீன் டின் எதிலும் இல்லை. கத்தியால் குத்திப் பார்த்தாராம், முனை உடைந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் டின்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன.

அவள் ஊரைக் கேட்டிருக்கலாம். எந்தக் கிளை என்று கேட்டிருக்கலாம். அவள் வாயில் முதலில் வந்தது வேறு.

"பக்கத்து வீட்டுல ஒரு ஓப்பனர் வாங்கிக்கலாமே, ஏன் கேக்கல?"

அந்தப் பக்கம் குரல் இன்னும் தாழ்ந்தது. "கேட்டா, எந்த டின்னு, எங்க வாங்கினதுன்னு கேப்பாங்கம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் ஒளித்து வைத்திருந்ததைத் தானே கிண்டிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட எண் வரவில்லை. மறுபடி அழைப்பார் என்று தேநீருக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அழைக்கவே இல்லை. எங்கோ ஒரு வீட்டில் சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, வாய்க்குள் போகவில்லை. அந்த வீடு எது என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டாள்.

வீடு தெரியாத மனிதருக்கு எப்படிக் கொடுப்பது? யோசித்து யோசித்து ஒரு வழிதான் தோன்றியது. எல்லாருக்கும் கொடுத்தால் அவருக்கும் போய்ச் சேரும். அடுத்த பெட்டியிலிருந்து, வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டின் ஓப்பனர் போட்டாக வேண்டும்.

கோப்பை இல்லாமல் அவள் மாடி ஏறியது அன்றுதான். உணவு திரட்டும் பிரிவில் தலையைச் சொறிந்தார்கள். அவர்கள் வாங்குவது தின்கிற பொருள். ஓப்பனரைத் தின்ன முடியாது. நன்கொடைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, பணம் கொடுத்தவர்கள் உணவுக்கென்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இரும்பு வாங்கினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். கிளைப் பிரிவில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள், இதே புகார் இரண்டு மூன்று கிளைகளிலிருந்து வந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். யாரும் மனசில்லாதவர்கள் இல்லை. அவரவர் அறைக்கு ஒரு நியாயம் இருந்தது. எல்லா அறைகளின் நியாயத்தையும் கூட்டிப் பார்த்தால் டின் மூடியபடியே இருந்தது.

அவள் விடுவாளா? உணவு திரட்டும் பிரிவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். வளையம் இல்லாத டின்னை அனுப்பிய தொழிற்சாலைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நச்சரித்தாள். அவளை எழுப்புவதற்காகவே அவர்கள் போனை எடுத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் தொழிற்சாலை மேலாளர் பதறிப்போய், ஒரு வண்டி நிறைய ஓப்பனர்களைத் தானே வாங்கி அனுப்பிவைத்தார். பெரிய மனசு. ஆனால் வண்டி கிடங்கு வாசலோடு நின்றுவிட்டது.

கிடங்குக்காரர் கையை விரித்தார். உள்ளே வருகிற எந்தப் பொருளையும் முதலில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது பொருளின் பெயரைக் கேட்கும், பிறகு காலாவதித் தேதியைக் கேட்கும். தேதி போடாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகாது. ஓப்பனருக்கு ஏது காலாவதி? அவர் மூன்று தடவை தட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் அதையே கேட்டது. தேதி போடும் அதிகாரம் தேதியம்மாவுக்கு மட்டும்தான்.

ஏனக்காவும் கிடங்குக்காரரும் போய்ச் சொன்னதைத் தேதியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று கிடங்குக்காரர் இழுத்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு தேதி பொய் என்று தெரிந்தால், மற்ற தேதிகளை யார் நம்புவார்கள்? ஒரு குழந்தைக்கு வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பொய்த் தேதி தன் கையால் வராது என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

அப்போது ஏனக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தக் குரலை, உடைந்த கத்தி முனையை, தான் கேட்ட கேள்வியை. எதையும் மறைக்கவில்லை. என் வாயால்தான் அந்த ஆள் போனை வைத்தார் என்று சொல்லும்போது அழுதும்விட்டாள். தேதியம்மா ஒரு ஓப்பனரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்த கையோடு ஏனக்காவுக்குப் பழைய புத்தி திரும்பியது.

"ஏன் மேடம், இது கெட்டே போகாதா? துரு பிடிக்காதா?"

தேதியம்மா நிமிர்ந்து பார்த்தார். ஓப்பனர் செய்கிற கம்பெனிக்குத் தானே போன் போட்டு, என்ன இரும்பு, என்ன பூச்சு, ஈரமான இடத்தில் வைத்தால் எத்தனை வருஷம் தாங்கும் என்று குடைந்து எடுத்தார். கேள்வி கேட்பதில் தன்னை மிஞ்ச ஒருவர் இருக்கிறார் என்று ஏனக்கா வாயைப் பிளந்து நின்றாள். கடைசியில் ஒரு தேதி வந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தலை நரைத்த பிறகு வரப்போகிற தேதி. ஆனால் உண்மையான தேதி. கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டால், விதிப்படி பொருளின்மேலும் அந்தத் தேதியை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஓப்பனரின் மரப்பிடியிலும் வெள்ளைச் சீட்டு. கிடங்கு ஆட்கள் போதவில்லை. கம்பளத்துக்காரர்கள் இறங்கி வந்தார்கள், கிளைப் பிரிவு வந்தது, வண்டி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். மூடுவிழா பூந்தொட்டியை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டு உதவியாளரோடு வந்து தரையில் உட்கார்ந்தார். ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாமல் எத்தனையோ வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள், சீட்டு ஒட்டிக்கொண்டே, நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஏனக்காவுக்கு எல்லாருடைய பதிலும் முன்பே தெரியும்.

பெட்டிகள் போயின. அந்தக் குரல் திரும்ப வரவில்லை. ஓப்பனர் கிடைத்திருக்கும் என்று ஒரு நேரம் தோன்றும். கிடைத்திருக்காவிட்டால் என்று மறுநேரம் தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு விஷயத்தோடு காலம் தள்ளுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

ஒரு விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குப் போனாள். ஊரின் மறுகோடியில் வீடு. தங்கை கணவர் பெரிய மேசை நாற்காலிக் கடையில் மேற்பார்வையாளர். அக்கா தங்கை இருவரில் வசதியாக வாழ்க்கைப்பட்டவள் தங்கைதான் என்று வீட்டில் பேச்சு உண்டு. ஏனக்காவே அதைச் சொல்லிச் சீண்டுவாள். கொஞ்ச மாதமாகத் தங்கை போனில் அவசர அவசரமாகப் பேசி வைத்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால் வேலை என்பாள். போகிற வழியில் தங்கை மகளுக்காக ஒரு அன்னாசி டின் வாங்கிக்கொண்டாள்.

சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். டின்னில் வளையம் இல்லை. தங்கை மகள் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து ஓப்பனரை எடுத்து வந்தாள். மரப்பிடி. அதில் ஒரு வெள்ளைச் சீட்டு, தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டிருந்தது.

"பெரியம்மா, இங்க பாருங்க. எங்க ஓப்பனர் கெட்டுப்போக இன்னும் ரொம்ப வருஷம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள் சிறுமி.

தங்கையின் கை பிள்ளையின் தோளைத் தொட்டது. போய் விளையாடு என்று அனுப்பினாள். ஓப்பனருக்குத் தேதி ஒட்டுகிற வேறு இடம் எதுவும் இல்லை என்பது அந்தச் சமையலறையில் இருந்த இரண்டு பேருக்குமே தெரிந்தது. ஏனக்காவின் தொண்டைவரை அந்த ஒற்றைச் சொல் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக அதை அவள் ஒருமுறைகூட விழுங்கியதில்லை. போனில் கேட்ட அந்தத் தாழ்ந்த குரல் ஞாபகத்துக்கு வந்தது. விழுங்கினாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை டின்னைத் திறக்க ஆரம்பித்தாள். கண் டின்னிலேயே இருந்தது.

"அவர் வேலை பார்த்த கடையை மூடிட்டாங்க அக்கா. வேலை கேட்ட இடத்துல எல்லாம் அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. அவர் காலையில கிளம்பிப் போயி பார்க்குல உக்காந்துட்டு வர்றாரு, பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

ஏனக்கா கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"பெட்டி உன் ஆபீஸ்ல இருந்து வருதுன்னு தெரியும். உன்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை போனை எடுத்தேன். நீ ஏன்னு கேப்பே. ஒண்ணு சொன்னா அதுக்கு ஒரு ஏன் கேப்பே. அத்தனைக்கும் பதில் சொல்ல என்கிட்ட தெம்பு இல்ல. அதான் யாரும் தெரியாத கிளைக்குப் போனோம்."

ஏனக்காவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது. நாட்டில் முகம் தெரியாதவர்களுக்காகவெல்லாம் மாடி மாடியாக ஏறியிருக்கிறாள். கூடப் பிறந்தவள் இவள் வாய்க்குப் பயந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சாப்பாடு வாங்கியிருக்கிறாள். தங்கை நிறுத்தவில்லை. வாடகை, வீட்டுக்காரர், கணவர் இரவில் தூங்காதது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். மூடி முழுசாகக் கழன்ற பிறகும் ஓப்பனரைக் கீழே வைக்காமல் சொன்னாள். நடுவே சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அக்கா, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறே?"

"நீதான் சொல்லிக்கிட்டிருக்கியே" என்றாள் ஏனக்கா. "சொல்லு."

தங்கை அன்னாசித் துண்டுகளைக் கிண்ணத்தில் கொட்டினாள். அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதியையும் சொன்னாள்.