புகையறைக் கதவு

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே பன்றித் தொடைகளைப் புகையிட்டுப் பதப்படுத்தும் ஆலையொன்றில் வேலை செய்தேன். என்னோடு இறைச்சி தூக்கியவன் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன். பிரிட்டிஷ் படையில் வந்து, ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன்.

இடைவேளைகளில் தன் குலத்தின் கதையைச் சொல்வான். அவன் முன்னோர் ஒரு தீவில், பகைக் குலத்தாருக்குப் பயந்து கடலோரக் குகையொன்றில் ஒளிந்திருந்தார்களாம். வந்தவர்கள் குகை வாயிலில் நெருப்பு மூட்டினார்கள். உள்ளே இருந்த அத்தனை பேரும் மூச்சடைத்துச் செத்தார்கள்.

"எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"நானூறு வருஷத்துக்கு முதல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

பிறகு இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரன் வேலைக்கு வந்தான். வாய் ஓயாத பகிடிக்காரன். அவனுடைய குடும்பப் பெயர் அந்தப் பகைக் குலத்தின் பெயர். என் கூட்டாளி அவன் முகத்தையே பார்ப்பதில்லை.

ஒருநாள் கூட்டாளி புகையறைக்குள் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான். புதியவன் எனக்குக் கண்ணடித்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். அணைந்ததென்று நினைத்த தணல் மரத்தூளில் பற்றியிருக்க வேண்டும். கதவிடுக்கால் புகை கசிந்தது. உள்ளேயிருந்து உதை, பிறகு அலறல். ஊரில் குண்டு விழுந்த நாட்களில்தான் அப்படியோர் அலறலைக் கேட்டிருந்தேன்.

"கதவைத் திறவுங்கோ தம்பி! மனுசன் சாகப்போறான்!" என்று எங்களோடு அங்கே பொதி கட்டும் தமிழ் அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்.

கதவருகே நின்ற புதியவனைத் தள்ளிவிட்டுத் திறந்தேன். கூட்டாளி இருமிக்கொண்டே வெளியே விழுந்தான். எழுந்தபோது அவன் கையில் தொடைகளைத் தொங்கவிடும் இரும்புக் கம்பி இருந்தது. முதல் அடியில் புதியவனின் தாடை உடைந்தது. விழுந்தவனை, அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தான். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். முழங்கையால் இடித்ததில் என் பல்லொன்று போனது. நிலமெல்லாம் இரத்தம். பொலிஸ் வரும்வரை நானும் அக்காவும் அவன்மேல் ஏறி இருந்தோம்.

கூட்டாளி சிறைக்குப் போனான். நான் மற்றவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பியால் கட்டிய தாடைக்குள்ளிருந்து கேட்டான்:

"என்ர பெயரைச் சொல்லி ஏன் அடிச்சவன்?"

குகைக் கதையைச் சொன்னேன்.

"எனக்கு இது தெரியாது. அப்பா கிளாஸ்கோவில கப்பல் கட்டினவர். அந்தத் தீவை நான் கண்டதே இல்லை. வெறும் பகிடிக்குத்தான் பூட்டினனான்."

"அவன் உள்ளுக்க கத்தினது கேட்டதுதானே?"

"ஓம்."

"பிறகும் ஏன் திறக்கேல்லை?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.